கசிந்தால் யார் பொறுப்பு

14 ஒக்., செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. கடல் பக்கத்து யன்னலைத் திறக்கவே முடியாது. அமைச்சிலிருந்து அழைப்பு: காபன் சேமிப்புச் சட்டவரைவில் ‘பொறுப்பு’ அத்தியாயத்தை நான் எழுத வேண்டுமாம். ஆலைப் புகையிலிருந்து காபனைப் பிடித்து மன்னார்க் கடலடியில் புதைக்கும் திட்டம். புதைத்தது பிறகு கசிந்தால் யார் தலையில்? அதுதான் அத்தியாயம்.

சிரிப்பு வந்தது. சிவபாலன் சேரின் சட்டக் கந்தோரில் வேலை செய்தபோது, இதே திட்டத்துக் கம்பனிக்காக, இதே கேள்விக்கு ஒரு பதில் எழுதினேன். எத்தனை வருடமானாலும் புதைத்த கம்பனியே பொறுப்பு என்று. சேர் அதை வெட்டி, ‘காபன் செலுத்திய கிணற்றை மூடியபின் அரசே பொறுப்பு’ என்று மாற்றினார். ஏன் என்று கேட்டேன். கம்பனிக்காரரை வைத்துக்கொண்டே சேர் சொன்னார்: "பிள்ளைக்கு இன்னும் சட்டம் விளங்கேல்ல. கொஞ்ச நாள் வீட்டில இருந்து படிக்கட்டும்." அடுத்த நாள் என் மேசையில் வேறொருவர்.

மறக்கவில்லை. ஒரு சொல்லும்.

வாங்க: பால்மா, கறிவேப்பிலை, குளியலறைக்குப் பல்ப்.

16 ஒக்., வியாழன்

சட்டவரைவுக் குழுக் கூட்டம். கம்பனி சார்பில் வந்தது வேறு யார், சி. சேர்தான். தலைமயிர் முன்பைவிடக் கறுப்பு. என்னைக் காட்டிக் குழுத் தலைவியிடம் ஆங்கிலத்தில் சொன்னார், தான் வளர்த்த பிள்ளையாம். பல்லைக் கடித்துக்கொண்டு பற்றீஸ் தின்றேன். உள்ளே மீன் இல்லை, கிழங்குதான்.

தேநீர் நேரத்தில் அவராகவே கிட்ட வந்தார்.

"இப்ப நான் சும்மா லோயர் இல்லை, தெரியுமோ. அந்தக் கம்பனியில டிரெக்டரும்."

"அப்பிடியோ சேர். நல்ல சந்தோஷம்."

உண்மையாகவே சந்தோஷம்.

17 ஒக்., வெள்ளி

மழை விட்டது. ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். கசிவுக்குக் கம்பனியே பொறுப்பு, கால எல்லை கிடையாது. கம்பனி கலைந்துபோனால், புதைத்த காலத்தில் பணிப்பாளராக, அதாவது டிரெக்டராக, இருந்த ஒவ்வொருவரும் தம் சொந்தச் சொத்தோடு பொறுப்பு.

தேவையான பிரிவுதான். கம்பனி கலையும், கடலடியில் வைத்தது அங்கேயே கிடக்கும். நட்டத்தை மீனவர் ஏன் சுமக்க வேண்டும்? தலைவியிடமும் இதைத்தான் சொன்னேன். அவருக்குப் பிடித்தது. ஆனால் எழுதும்போது மீனவர் ஒருவரும் நினைவில் வரவில்லை. சேரின் முகம் மட்டும்.

நெடுநாளைக்குப் பிறகு நல்ல பசி.

18 ஒக்., சனி

பின்னேரம் கதவு மணி. சி. சேர். கையில் கேக் பெட்டி. இருக்கச் சொன்னேன். தேத்தண்ணி கொடுக்கவில்லை.

"நீரோ எழுதினது, அந்த டிரெக்டர்மார் பிரிவு?"

"ஓம் சேர்."

"இப்பிடி எழுதினா ஆர் காசு போட வருவினம்? கொஞ்சம் இளக்கி விடும்."

"எனக்குச் சட்டம் விளங்காது சேர். வீட்டில இருந்து படிச்சுக்கொண்டிருக்கிறன்."

எழும்பிப் போய்விட்டார். லிஃப்ட் பழுது. அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை கதவைத் திறந்து வைத்துக் கேட்டேன்.

கேக் நல்ல கேக். இரண்டு துண்டு தின்றேன்.

22 ஒக்., புதன்

கூட்டம். பிரிவு அப்படியே நின்றது. சி. சேர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று வெளியே வந்தபோது தெரிந்தது.

"நான் போர்டில இருந்து விலகிட்டன். இன்னும் ஒண்டும் புதைக்கேல்லத்தானே. எனக்குப் பதிலா வசந்தி வாறா. உம்மட பிரிவு இனி என்னை ஒண்டும் செய்யாது."

வசந்தி அக்கா, அவர் மனைவி. கந்தோர் நாட்களில் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு அனுப்பியவர். என்னை வேலையால் நிறுத்தியபோது அழைத்துக் கதைத்த ஒரே ஆள். அவர்கள் இருக்கும் கொட்டாஞ்சேனை வீடு அக்காவின் சீதனம். அக்கா பெயரில் உள்ளது அது ஒன்றுதான்.

அடியை ஓங்கியது சேருக்கு. அவர் அக்காவை இழுத்து முன்னால் விட்டிருக்கிறார். பிரிவை இளக்கலாமா? இளக்கினால் வென்றது அவர்.

மின்சாரப் பில் கட்ட மறந்தாயிற்று.

23 ஒக்., வியாழன்

காலையில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சேர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அக்கா குசினியில் நண்டு கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கம்பனிப் பேப்பரில கையெழுத்து வைச்சிட்டீங்களோ?"

"இல்லையடி. பின்னேரம் கொண்டு வாறாராம். சும்மா பேருக்குத்தானாம்."

சொன்னேன். கடலடியில் கசிந்தால், அதற்குள் கம்பனி கலைந்திருந்தால், இந்த வீடு போகும் என்று.

"இது அவருக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சுதான், அக்கா, அவர் விலகினவர்."

குழாயை மூடினார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பிரிவு நீ எழுதினதோ?"

"ஓம். வேணுமெண்டா இளக்கி விடுறன். இன்னும் நேரம் இருக்கு."

"இளக்காத. நான் கையெழுத்து வைக்கப் போறதில்லை." பிறகு, குரலை உயர்த்தாமல்: "விலகின ஆளையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி எழுதேலாதோ?"

"ஏலும்" என்றேன்.