மின்னலுக்குத் திருவிழா என்று பெயர்

ஜூன் 2, திங்கள்

வில்லாபுரம் ஆபீஸ் வேலை ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. செய்தியில் வரும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் கலைக்களஞ்சியத்தில் எந்தக் கட்டுரை பொருந்தும் என்று கம்ப்யூட்டர் காட்டும். சரியா தப்பா என்று நாங்கள் சொல்ல வேண்டும். எதுவும் பொருந்தாவிட்டால் ‘பதிவு இல்லை’. எங்களைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்கிறதாம். கற்றுக்கொள்கிற லட்சணம்தான் தெரிகிறதே! எங்கள் பக்கத்தில் யார் தேதி சொல்கிறார்கள்? கல்யாணமோ சாவோ, “அழகர் ஆத்துல எறங்குன மறுநாள்” என்பார்கள். நிருபர்களும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். அழகர் பெயரைக் கண்டால் போதும், இந்தக் கம்ப்யூட்டர் சித்திரைத் திருவிழாக் கட்டுரையில் கொண்டுபோய்க் கட்டிவிடுகிறது. லாரி கவிழ்ந்தாலும் திருவிழா.

ஜூன் 5, வியாழன்

‘அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், சோழவந்தான் அருகே வெற்றிலைக் கொடிக்காலில் மின்னல் தாக்கி விவசாயி அழகுமலை பலி.’

போன வருடச் செய்தி. என் கூடப்பிறந்த அண்ணன். கீழே: சித்திரைத் திருவிழா, பொருத்தம் தொண்ணூறு சதவீதம். அடப்பாவி! கருகிக் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, அதுவா திருவிழா?

‘பதிவு இல்லை’ போட்டேன்.

ஜூன் 6

அண்ணன் செய்தியை மேலிடத்தில் மறுபடி திருவிழா என்று மாற்றி வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 11, புதன்

மேனேஜர் ஸ்ரீராம்குமார் கூப்பிட்டார். “எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு போட்டா கம்பெனிக்கு என்னத்தங்க காட்டுறது? அழகர் பேரு இருக்குல்ல, சேத்து விடுங்க.”

“சார், செத்தது எங்கண்ணே சார்.”

“அப்ப நீங்க இதத் தொடவே கூடாது. வேற ஆளுக்கு மாத்துறேன்” என்றார். எப்படி இருக்கிறது நியாயம்? தெரிந்தவள் தொடக் கூடாதாம், தெரியாதவன் எதையும் எழுதலாமாம்!

வீட்டில் அண்ணி முனீஸ்வரியிடம் சொன்னேன். “இந்த வருசம் அழகர் பாக்க நான் போகவே இல்லையே, அது தெரியுமா அந்தக் கம்ப்யூட்டருக்கு?” என்றாள்.

ஜூலை 3, வியாழன்

புதிதாகச் சேர்ந்த மாதங்கிக்கு அந்தச் செய்தி போயிருக்கிறது. அழகுமலை யார் என்று அவளுக்குத் தெரியாது. “அக்கா, மின்னல் விழுந்து ஒருத்தரு செத்துருக்காரு, அதத் திருவிழாங்குது. லூசாக்கா இது? பதிவு இல்லன்னு போட்டேன். சாரும் பாத்துட்டு சரின்னுட்டாரு.”

“சரிதான்” என்றேன்.

நான் சண்டை போட்டது இதற்குத்தான். ஆனாலும் ஆரப்பாளையம் வரும்வரை பஸ்ஸில் அழுதேன். அம்புட்டுப் பெரிய கலைக்களஞ்சியத்தில் எங்கள் அண்ணன் செத்தது எங்கேயுமே இல்லை. அதுதான் சரியான விடை.