பதினொரு மணி டீச்சர்

மார்ச் 3

இன்றைக்கும் சரியாகப் பதினொரு மணிக்கு வந்துவிட்டார். வங்கியின் இணைய உதவிப் பெட்டியில் பதில் தட்டிக்கொண்டு நாலு வருஷம் ஓட்டிவிட்டேன். இப்படி ஒரு வாடிக்கையாளரைக் கண்டதில்லை. தினமும் கடவுச்சொல் மறந்துவிடும். புதியது எடுத்துக் கொடுப்பேன். உடனே "சாப்பிட்டியாம்மா?" என்று வரும். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், தனிக்கட்டை. மறதியாவது ஒன்றாவது! பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான். இருக்கட்டும், பேசி முடித்ததும் எனக்குத் தவறாமல் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் போடுகிறாரே.

மார்ச் 9

ஒரே நேரத்தில் ஆறு வாடிக்கையாளர்கள், ஆறு பெட்டிகள். டீச்சர் ஏதோ நீளமாகத் தட்டினார். "இடது கை" என்று தொடங்கியது, அதற்கு மேல் படிக்க நேரமில்லை. 'சிரமத்திற்கு வருந்துகிறோம், சற்றுக் காத்திருக்கவும்' என்ற தயார் வரியை ஒட்டிவிட்டு அடுத்தவரிடம் போனேன். பத்து நிமிடம் சத்தமில்லை, பெட்டி மூடிக்கொண்டது. பத்து நிமிடம் பேசாதவர் எங்கள் விதிப்படி திருப்தி அடைந்தவர். ஐந்துக்கு ஐந்து தானாக விழும்.

மார்ச் 10

பதினொரு மணிக்கு அவர் பெட்டி திறந்தது. வணக்கம் சொன்னேன். பதில் இல்லை. ஐந்துக்கு ஐந்து.

மார்ச் 11

அதேதான்.

மார்ச் 13

மற்ற பெட்டிகளைத் தள்ளி வைத்துவிட்டு, "டீச்சர், சாப்பிட்டீங்களா?" என்று தட்டினேன். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்து என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. ஒன்பதாம் தேதிப் பேச்சை எடுத்துப் படித்தேன்.

"இடது கைய தூக்க முடியலம்மா. எழுந்திருக்கவும் முடியல. யாரையாவது அனுப்பு."

அதற்குக் கீழே என் தயார் வரி.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. மேலாளரிடம் ஓடினேன். "வாடிக்கையாளர் விலாசத்த நாம தொடக்கூடாது. அதான் தினமும் உள்ள வர்றாங்களே, அப்புறம் என்ன?" என்றார். தொட்டேன். போலீசுக்குக் கொடுத்தேன். வேலை போனால் போகட்டும்.

மார்ச் 14

போலீஸ்காரர் கூப்பிட்டார். நாற்காலியிலேயே இருந்தாராம். "நாலஞ்சு நாள் ஆயிருக்கும். கம்ப்யூட்டர் ஓடிட்டே இருந்துச்சுங்க. திரையில, சாப்பிட்டீங்களான்னு கேட்டிருந்துச்சு."

தினமும் வருகிறவர்களுக்கு அவர்களுடைய வழக்கமான நேரத்தில் பெட்டி தானே திறக்கும் — போன மாதம் வந்த புதிய வசதி. அந்தச் சுற்றறிக்கையை எல்லோருக்கும் படித்துக் காட்டியதே நான்தான். எப்படி மறந்தேன்? ஒன்பதாம் தேதி சாயங்காலம் வரை டீச்சருக்கு உயிர் இருந்திருக்கலாமாம். ஒரு வரி படிச்சிருந்தா போதுமே. ஒரே ஒரு வரி.

ஏப்ரல் 2

விலாசம் எடுத்ததை யாரும் கேட்கவில்லை. போன மாதம் அதிகத் திருப்தி என் வாடிக்கையாளர்களுக்குத்தானாம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இனி நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

டீச்சருக்கு வாரிசு யாரும் வரவில்லை. கணக்கை மூட முடியாது. வீட்டைப் பூட்டியவர்கள் கணினியை அணைக்கவில்லை போலிருக்கிறது. அந்தப் பெட்டியை மட்டும் வேறு யாருக்கும் தராதீர்கள் என்று கேட்டேன். "சும்மா கிடக்கிற பெட்டிதானே, வெச்சுக்கோ" என்றார் மேலாளர்.

பதினொரு மணிக்குத் திறந்தது. தயார் வரி எதையும் ஒட்டவில்லை. "டீச்சர், ஆள் அனுப்பிட்டேன்" என்று தட்டிவிட்டுக் காத்திருந்தேன்.

பத்து நிமிடத்தில் மூடிக்கொண்டது. ஐந்துக்கு ஐந்து.