சோற்றில் போட்ட கோடு

மார்ச் 4

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இந்த நோட்டில் நான் எழுதப்போகிற கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. என் அக்கா மகள் நிச்சயமாக நம்பமாட்டாள். நான் எதைச் சொன்னாலும் நாலால் வகுத்துத்தான் அவள் காதில் வாங்குவாள். போகட்டும். இருபத்தாறு வருடம் கம்பெனி பஸ் ஓட்டி, ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்காத மாபெரும் சாரதியாகிய என்னை, இன்று ஒரு சொட்டு ரத்தம் வண்டியிலிருந்து இறக்கிவிட்டது.

வருடாந்திர மருத்துவச் சோதனை. ரத்தம் எடுத்த பெண் ஊசியை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அதைச் சுற்றி எறும்பு வரிசை கட்டிவிட்டது. டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஒன்பதரை. ஏழுக்குக் கீழே இறங்க வேண்டும். ஜூன் முதல் வாரம் மறுசோதனை. இறங்கினால் ஸ்டியரிங், இறங்காவிட்டால் வீடு. அதுவரை ஷெட்டில் பஸ் கழுவ வேண்டும், பாதிச் சம்பளத்துக்கு.

பிறகு டயட்டீஷியன் அம்மாவிடம் அனுப்பினார்கள். தட்டு ஒன்றை வரைந்து காட்டினார். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு பருப்போ முட்டையோ, கால் தட்டு சோறு. சாப்பிடுவதையெல்லாம் எழுதிவரச் சொல்லிக் கட்டம் போட்ட தாள் கொடுத்தார். என் வாழ்க்கை அந்தக் கட்டத்துக்குள் அடங்குமா? ஆகவே தாள் அவருக்கு, இந்த நோட்டு எனக்கு.

மார்ச் 5

என் அரண்மனையை வர்ணிக்க வேண்டும். மூன்றாம் மாடி. கட்டிலில் படுத்தபடியே கதவைத் திறக்கலாம், ஜன்னலை மூடலாம், சோறு வெந்துவிட்டதா என்றும் பார்க்கலாம். பல்பு ஒன்று, பிளக் ஒன்று. கட்டட உரிமையாளரின் சட்டம்: கேஸ் கூடாது, ஸ்டவ் கூடாது, நெருப்பு என்ற சொல்லையே உரக்கச் சொல்லக்கூடாது. ரைஸ் குக்கருக்கு மட்டும் அனுமதி. ஃபேனைப் பிடுங்கினால்தான் குக்கரைச் செருக முடியும். ஆகவே தினமும் நானும் அரிசியும் சேர்ந்தே வேகிறோம்.

என் மனைவி கண்மூடியபிறகு இரண்டு அறை வீடு எதற்கென்று இங்கே வந்தேன். நாலு வருடம் ஆகிறது. அந்த வீட்டிலிருந்து வந்தவை இந்தக் குக்கரும், அரிசி அளக்கும் தம்ளரும், நானும். மூன்றிலும் அங்கங்கே நசுங்கல்.

மார்ச் 9

சந்தை மூடும் நேரத்துக்குப் போனேன். அந்த நேரத்தில் காய்கறிக்காரர்கள் கர்ணனின் வம்சமாகிவிடுகிறார்கள். கோணல் கேரட், கீறல் விழுந்த தக்காளி, தலைவாரிக்கொள்ளாத கீரை – அள்ளிக்கொண்டு போ என்கிறார்கள். முட்டைக்கோஸ் ஒன்று வாங்கினேன். படியில் ஏற்றும்போது கட்டடமே ஒரு பக்கம் சாய்ந்தது.

கண்டுபிடிப்பு: கீழே அரிசியும் பருப்பும். அரிசிக்குள் கழுவிய முட்டையைப் புதைத்துவிடுவது. மேலே ஆவித் தட்டில் கோஸும் பீன்ஸும். ஒரே பிளக், ஒரே ‘டக்’, முழுச் சாப்பாடு. இது போதாதென்று பச்சைப்பயறை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன். அதற்கு மின்சாரமே வேண்டாம். இரண்டு நாளில் முளைவிட்டுவிடும். நாளடைவில் காடாகும், குருவிகள் வந்து வாடகை கேட்கும்.

பக்கத்து அறை பெயின்டர் எட்டிப் பார்த்தார். தினமும் இரண்டு வேளை பன்னும் டீயும்தான் அவருக்கு. குக்கர்கூட கிடையாது.

“அண்ணே, ஜன்னல்ல என்ன, அழுக்குத் துணியா?”

“முளைகட்டின பயறுய்யா. தின்னா யானை பலம்.”

“யானை இவ்வளவா வேர்க்கும்?”

மார்ச் 21

என் பஸ்ஸை இப்போது ஒரு புது டிரைவர் ஓட்டுகிறார், ஷெட்டில் எல்லோருக்கும் அவர் ‘ஒல்லி’. என் வயதுதான் அவருக்கும், வேறு டிப்போவிலிருந்து வந்தவர். இரண்டாவது கியர் போடும்போது வண்டி கதறுவது மூன்று தெரு தாண்டிக் கேட்கிறது. சாயங்காலம் கழுவும்போது பானெட்டைத் தட்டிக்கொடுத்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 3

ஒரு மாதப் பரிசோதனை. அசையவில்லை! விரலைக் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை அப்படியே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு மாதமாகச் சீனி தொடவில்லை. மாத்திரை தவறவில்லை. நான் தின்ற கோஸையெல்லாம் அடுக்கினால் நிலவுக்கு ஏணி போடலாம்.

டயட்டீஷியன் அம்மா என் தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார். அதிலும் கொஞ்சம் கைவரிசை காட்டியிருந்தேன்.

“கதை நல்லா இருக்குங்க ஐயா. சோறு எவ்வளவு போடுறீங்க?”

“எப்பவும் போலதாம்மா. ஒரு தம்ளர். முப்பது வருஷமா அதே அளவு. காலையில பாதி, ராத்திரி மீதி.”

“எந்தத் தம்ளர்?”

எப்படியும் கேட்பார் என்று பையிலேயே வைத்திருந்தேன். எடுத்து மேசைமேல் வைத்தேன். இது ஒரு மகாராணி எனக்குப் பரிசளித்தது என்று தொடங்கினேன். அவர் அதில் தண்ணீர் நிரப்பித் தன் அளவுக் குவளையில் ஊற்றினார். பிறகு நிமிர்ந்து சாதாரணமாகக் கேட்டார்:

“இது ரெண்டு பேருக்கான அளவாச்சே. வீட்ல கூட யார் இருக்காங்க?”

ஏப்ரல் 4

சோறு வைக்கவில்லை.

ஏப்ரல் 6

இன்று லீவு. எழுதித்தான் ஆக வேண்டும்.

கல்யாணமான புதிதில் எங்களுக்கு இருந்ததும் ஓர் அறைதான். அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியில் கொடுத்த குக்கர் இது. அவள் ஏழு பிள்ளைகளில் கடைசி. பந்தியில் கடைசி, பாத்திரத்தில் மிஞ்சியது அவளுக்கு. அதனால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம் போட்டாள். தம்ளரில் அரிசியை எடுத்து உள்ளங்கை ஓரத்தால் மேலே வழித்துவிடுவாள். ஒரு மணி கூடாது, குறையாது. வெந்ததும் கரண்டிக் காம்பால் சோற்றின் நடுவே கோடு போடுவாள். “இந்தப் பக்கம் உங்களுது, அந்தப் பக்கம் என்னுது. சரிபாதி. ஆம்பளைன்னு ஒரு வாய்கூடக் கூடக் கிடையாது.”

நான் சும்மா இருப்பேனா? அவள் முகம் கழுவப் போன நேரத்தில் கோட்டை இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டுவிடுவேன். திரும்பி வந்து பார்த்ததும் என் தட்டிலிருந்து முட்டையை எடுத்துக்கொள்வாள். நட்ட ஈடு.

அவள் போனபிறகு அளப்பதை நான் எடுத்துக்கொண்டேன். அதே தம்ளர், அதேபோல உள்ளங்கையால் வழித்துவிடுவது. சாப்பாட்டில் ஒரு மணிகூட மாற்றவில்லை என்று ஊரெல்லாம் பெருமை வேறு. கோடு போட மட்டும் மறந்திருக்கிறேன். மறந்தேனா? போட்டால் அந்தப் பக்கத்தை என்ன செய்வது?

நாலு வருஷம்யா. நாலு வருஷமா அவ பங்கையும் சேர்த்து நானே தின்னிருக்கேன். வீணாக்கக்கூடாதுன்னு வழிச்சு வேற தின்னிருக்கேன்.

ஏப்ரல் 11

அரைத் தம்ளர் போட்டுப் பார்த்தாயிற்று, நாலு நாளாக. இந்தக் குக்கருக்கு அது கட்டுப்படியாகவில்லை. அவ்வளவு பெரிய பானையில் அடியில் ஒட்டினாற்போல் கொஞ்சம் அரிசி. மேலே ஆவி கிளம்புவதற்குள் ‘டக்’ என்று அணைந்துவிடுகிறது. கீழே கருகல், மேலே கோஸ் பச்சை. தண்ணீரைக் கூட்டினேன்: கஞ்சியில் முட்டை மிதந்தது. புதுக் குக்கருக்கு இப்போது வழியில்லை.

நேற்று பொறுமை போய்ப் பெயின்டரிடம் பன் வாங்கித் தின்றேன். மூன்று. கட்டத்தில் ‘1’ என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டு ‘3’ என்று எழுதினேன். என் வாழ்நாளில் ஓர் எண்ணை நானாக முன்வந்து திருத்தியது இதுவே முதல் தடவை.

ஏப்ரல் 13

முழுத் தம்ளர் போட்டேன். அரிசி, பருப்பு, இரண்டு முட்டை, மேலே பீன்ஸும் கேரட்டும். பூப்போல வெந்தது. மூடியைத் திறந்து, கரண்டிக் காம்பை எடுத்தேன், கீழே வைத்தேன். பிறகு பெயின்டரின் கதவைத் தட்டினேன்.

தட்டோடு வந்தார். முழங்கை வரை நீலப் பெயின்ட். நான் கோடு போடுவதைப் பார்த்து, “என்னண்ணே, எல்லைத் தகராறா?” என்றார்.

“அந்தப் பக்கம் உம்முது. தாண்டினா சுட்டுருவேன்.”

“தாண்ட மாட்டேண்ணே. நீங்க தாண்டாம இருந்தா போதும்.”

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் ஒரு மணி விடாமல் தட்டை வழித்தார். முடித்துவிட்டு, “பருப்புச் சோறு தின்னு எட்டு மாசமாச்சு” என்றார். கூரையைப் பார்த்தபடி சொன்னார். சந்தையை நாளை முதல் அவர் பார்த்துக்கொள்வதாகத் தீர்மானம். அவர் சைட்டிலிருந்து வரும் வழிதான்.

ஏப்ரல் 30

பெயின்டரின் கண்ணுக்கு நிறம்தான் தெரியும், காய் தெரியாது. முந்தாநாள் பச்சை நிறமாகவே ஐந்து காய் வாங்கினார். நேற்று முழுக்க ஆரஞ்சு. இன்று பீட்ரூட் – சோறு, முட்டை, எங்கள் இருவர் வாய், எல்லாம் ஒரே கலர். “ரெண்டு கோட் அடிச்ச மாதிரி இருக்குல்லண்ணே?” என்று கேட்டார்.

அக்கா மகள் வந்திருந்தாள். என் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

“மாமா, இளைச்சிருக்கீங்க!”

“நாப்பது கிலோ.”

“பத்து,” என்றாள் வகுத்துப் பார்த்து. பிறகு இடுப்பை நோட்டம் விட்டாள். “ம்ஹூம். மூணு, நாலு இருக்கும்.”

நாலுதான். பாவி.

மே 19

பெயின்டர் ஒரு வாரம் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். தனியாகச் சமைத்தேன். கோடு போட்டேன். இந்தப் பக்கத்தைத் தின்றேன். அந்தப் பக்கம் என்னைப் பார்த்தது. அதையும் தின்றேன்.

இதில் ஒரு எழுத்துக்கூட மிகையில்லை. அதனால்தான் ரசமாக இல்லை.

மே 20

முடிவெடுத்தேன். மீதிப் பாதியை டப்பாவில் அடைத்து ஷெட்டுக்குக் கொண்டுபோய் ஒல்லியிடம் நீட்டினேன். ஆளை முறைத்துப் பார்த்தார்.

“என்னப்பா, விஷமா?”

“ஆமா. நீ மெதுவா செத்ததும் நான் என் வண்டியை எடுத்துக்குவேன்.”

மொத்தமும் தின்றார். வண்டி என்னுடையது என்று நான் சொன்னதை மறுக்கவும் இல்லை. “உன் வண்டி எனக்குப் பழக மாட்டேங்குதுப்பா, ரெண்டாவது கியர் மல்லுக்கட்டுது” என்றார். வாரம் முழுக்கக் கொடுப்பதாகத் தீர்மானம். கியர் இப்போதும் கதறுகிறது.

ஜூன் 3

ரத்தம் கொடுத்தாயிற்று. முடிவு நாளை மறுநாள். எறும்பு வந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். ஒன்றே ஒன்று. அதுவும் வேறு வேலையாகப் போய்க்கொண்டிருந்தது.

சிரிப்பாக எழுதுகிறேன். ஆனால் ஐம்பத்தேழு வயதில் வேறு என்ன வேலை தெரியும் எனக்கு? வீட்டுக்குப் போ என்றால் எந்த வீட்டுக்கு?

ஜூன் 5

ஆறு புள்ளி ஒன்பது.

டாக்டர், “மயிரிழைதான். மாத்திரையை விட்டுராதீங்க, இதையே தொடருங்க” என்று கையெழுத்துப் போட்டார். டயட்டீஷியன் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். ஆஸ்பத்திரி முழுக்க மேளம் கொட்டியது என்று எழுத ஆசை. அவர் கைகுலுக்கினார். அது போதும்.

பெயின்டரிடம் சொன்னதும், “அப்ப இனிமே எனக்குச் சோறு கிடையாதா?” என்றார். பேச்சைப் பாருங்கள். சோற்றை வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இன்று கீரை.

ஜூன் 9

காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு வண்டியை எடுத்தேன். இரண்டாவது கியரில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. முதல் ஸ்டாப்பிலேயே ஆர்ப்பாட்டம். பாதி உடம்பை எங்கே விட்டுவிட்டு வந்தேன் என்று கேட்டார்கள். நான் விட்டேன் சரடு: தொண்ணூறு நாள் வெறும் வெயிலைத் தின்றேன், முட்டைக்கோஸ் ஒன்று என்னைத் தூக்கிக்கொண்டு மலையேறியது, ஒரே பிளக்கில் ஊருக்கே சோறு வடித்தேன். பஸ் குலுங்கக் குலுங்கச் சிரித்தது.

எனக்குப் பின்னால் முதல் சீட்டில் பேக்கிங் பிரிவு அம்மா. அதிகம் பேசாதவர். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டார்.

“நிஜமா என்னதாண்ணே பண்ணினீங்க?”

“ஒருத்தரோட பங்கைத் தின்னுட்டிருந்தேம்மா. விட்டுட்டேன்.”

“யாரோட பங்கை?”

சிக்னல் சிவப்பில் இருந்தது. தப்பிக்க ஒரு பொய் வாய்வரை வந்தது. நல்ல பொய், மகாராணி, யானை எல்லாம் உள்ள பொய்.

இந்த நோட்டை எப்போதாவது அக்கா மகள் படிப்பாள். தாராளமாக நாலால் வகுத்துக்கொள்ளட்டும், பத்தால்கூட. கடைசியாக ஒரு சின்ன இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொல்கிறேன், ஏனென்றால் அது நடந்தது: “என் வீட்டுக்காரியோடது” என்று சொன்னேன். பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை.