கன்டென்சருக்குக் காய்ச்சல்

7-8-83, ஞாயிறு
ஆடியிலும் காற்றில்லை. புழுக்கம். பாப்பாவுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. பயம்.
இவர் ரேடியோ கடைக்கு மைக்செட் முனுசாமி அண்ணனின் ஆம்ப்ளிபயர் திரும்ப வந்துவிட்டது. மூன்றாம் முறை. பவர் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கும் அதே கன்டென்சர், தலை உப்பி, கருவாட்டு நாற்றம்.
"வெள்ளிக்கிழம நம்ம தெரு அம்மனுக்குக் கூழு. பாட்டு நடுவுல நின்னா கடை போர்ட எறக்கிடு தம்பி" என்றாராம். கடை வைத்து எட்டே மாதம்.

8-8, திங்கள்
சாப்பிடும்போது இவர்: "போன தடவ 63 வோல்ட்டுக்கு பதிலா 100 போட்டேன். அதுவும் போச்சு. டூப்ளிகேட் மால்."
"சூட்டாலதான் போகுதோ?"
"85 டிகிரின்னு மேலயே போட்டுகிறான். ஆரணி வெயில் அவ்ளோவா காயுது?"
என் பி.எஸ்ஸி. நோட்டைத் தேடினேன். கிடைத்தது! 85 என்பது 'அதுவரை கவலையில்லை' அல்ல. அந்தச் சூட்டில் ஆயுசு இத்தனை மணி நேரம்தான் என்று அர்த்தம். பத்து டிகிரி குறைந்தால் ஆயுசு இரட்டிப்பு. வெளிச்சூடு மட்டுமா? ரிப்பிள் கரண்ட், ஏசியை டிசி ஆக்கியும் அடங்காத அலை, உள்ளே ஓடி ஓடியே சூடேற்றும். சத்தம் ஏற ஏற அதுவும் ஏறும். வோல்ட் கூட்டி என்ன பயன்?

10-8, புதன்
காய்ச்சல் இல்லை. அப்பாடா. பாப்பாவோடு கடைக்கே போனேன்.
புதுக் கன்டென்சர், முழுச் சத்தம், அரை மணி. ஆஃப் செய்து, சார்ஜ் இறக்கி, பாப்பா நெற்றியைப் பார்ப்பதுபோல் புறங்கை வைத்தேன். கொதிக்கிறது! ஒட்டினாற்போல், அடுப்பாய்ச் சுடும் சிமெண்ட் ரெசிஸ்டர். போதாததற்குப் பெட்டியைச் சுற்றிச் சாயம் பிசகிய பட்டு, காற்றுத் துளையெல்லாம் மூடி.
அண்ணனைக் கேட்டால், "அம்மனுக்குப் பாடற பெட்டிம்மா. அம்மணமா வெச்சிகினு இருக்கறதா?"
"முன்னாடி மட்டும் கட்டுங்கண்ணா. முதுகு தெரியட்டும்."
"ஜன்னல் வெச்ச ஜாக்கெட்டா?" என்றபடியே பின்பக்கப் பட்டை அவிழ்த்தார்.
இவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!
ரெசிஸ்டரை விட்டுக் கன்டென்சரைத் தள்ளி மாற்றினார். ஒன்றுக்கு இரண்டாக, பேரலலில். அலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். நான் சொன்னது தப்பென்றால்? பழி இவருக்கு.

12-8, வெள்ளி
விடிகாலை ஐந்தரைக்குப் பாட்டு ஆரம்பம். ஒவ்வொரு பாட்டும் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டினேன். ஏழு. ஒன்பது. உப்புமாவில் உப்பில்லை, இவரும் கவனிக்கவில்லை.
பதினொன்றுக்கு நின்றது! வாசலுக்கு ஓடினேன்.
"கூழு ஊத்தறாங்க, குண்டான் எடுத்துகினு ஜல்தியா வாங்க!" அதே மைக். மறுபடி பாட்டு. இரண்டு மணி வரை ஒரு கரகரப்பு இல்லை.
கூழோடு வீட்டுக்கே வந்தார் அண்ணன். "இன்னா தம்பி, பொட்டி வெதுவெதுன்னுதான் கீது! யாரு கண்டுபுடிச்சது?"
"வீட்ல" என்றார் இவர். பிறகு என்னிடம், "இன்னும் ரெண்டு செட்டு அதே கோளாறுல வந்துகீது. நாளைக்கு வர்றியா?"
கடை உத்திரத்தில் தூளி கட்டக் கொக்கி இருக்கிறதா, காலையில் பார்க்க வேண்டும்.