வேட்டைத் திருவிழாவுக்கு எந்த வில்?

2.6.2024, ஞாயிறு
எங்கள் கோயில் வேட்டைத் திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம். கொடிகாமத்தில் இன்று ரியூசன் வகுப்பு முடிகிற நேரம் முன்வரிசை வாங்கில் இருக்கிற தாரிகா எழும்பி, "சேர், இந்த முறையெண்டாலும் பூசணிக்காயிலை படுமோ?" என்று கேட்டாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எறிந்த பொருள் எங்கே போய் விழும் என்று எறியக் கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார் நான். இருபது எட்டு வைக்கிற தூரத்தில் வேட்டை மிருகமாய்த் தொங்குகிற நீத்துப்பூசணிக்காயில் கடைசி மூன்று வருடமாக என் அம்பு பட்டதில்லை. போன வருடம் அது தவில்காரரின் சால்வையில் போய் விழுந்தது. சுவாமி குதிரையில் காத்து நிற்க, ஐயர் கத்தியால் காயை வெட்டி வேட்டையை முடித்துவைத்தார்.

பிழை வில்லில்தான். மாமனார் காலத்து மூங்கில். வேறென்ன?

5.6.2024, புதன்
கனடாவிலிருந்து தம்பி வாகீசன் கதைத்தான். அங்கே அவன் மான் வேட்டைக்குப் போகிறவன். "அண்ணை, ரெண்டு பக்கமும் சில்லுப் பூட்டின வில். குறிபாக்கக் கண்ணாடியும் இருக்கு. வரேக்கை கொண்டுவாறன், பதினைஞ்சாந் தேதிக்குள்ளை சொல்லுங்கோ" என்றான். படமும் அனுப்பினான். சைக்கிளில் பாதியைச் சில்லோடு கழற்றிச் செய்ததுபோல் இருக்கிறது. மான் விழுமென்றால் பூசணிக்காய் விழாதா?

நாலு தரம் பார்த்தேன். ஐந்தாம் தரம் பெண்சாதி கமலாவதி கண்டுவிட்டாள். "இஞ்சருங்கோ, உதையோ சுவாமிக்கு முன்னாலை தூக்கப் போறியள்?"

6.6.2024
எடுப்போம்.

7.6.2024
வேண்டாம். ஐயர் என்ன சொல்வாரோ.

8.6.2024
எடுப்போம். ஐயர்தானே கோயில் முழுக்க எல்.ஈ.டி. லைட் போட்டவர்!

9.6.2024, ஞாயிறு
பழைய வில் சரியில்லை என்று கமலாவதிக்குக் காட்ட, பின்வளவில் பப்பாப்பழம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு எய்தேன். பதினொரு அம்பு. பதினோராவது பக்கத்துக் காணிக்குள். பாலேஸ்வரி அக்கா அதை வேலிக்கு மேலால் நீட்டி, "வாத்தியார், ஆடு கட்டியிருக்கு, பாத்து" என்றா.

தண்ணி குடிக்க உள்ளே போனேன். தொப்பென்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் பழம் பிளந்து கிடக்கிறது. வில் கமலாவதி கையில்!

"நாணை இழுத்துப்போட்டு நிண்டு யோசிக்கிறியள். அதுதான் பிழை" என்றாள்.

"நீ எப்ப பழகினனீ?"

"சின்னனிலை. அப்பா கடைக்குப் போற நேரமெல்லாம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

10.6.2024
தற்செயலாகப் பட்டிருக்கும்.

11.6.2024, செவ்வாய்
இன்றைக்குக் கமலாவதிக்கு மூன்று பழம் தொங்கவிட்டேன். மூன்றும் பிளந்துபோச்சு. எனக்கு விசர்தான் வருகுது!

இந்தத் திருவிழா உபயம் அவள் வீட்டுடையது; உபயகாரர்தான் அம்பு விடுவது வழக்கம். மாமாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. சீதனக் காணியோடு வேட்டைத் திருவிழாவும் எனக்கு வந்தது. தாலி கட்டின வருடமே வில்லை என் கையில் தந்தார். அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் கூட இருந்த நானும் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆனால் வில்லை அவளிடம் கொடுத்தால்? பெண்சாதிக்குப் பின்னாலை ஒளிச்சிட்டான் எண்டு ஊர் சொல்லாதோ? சில்லு வில் வந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. வாகீசனுக்குச் சொல்ல இன்னும் நாலு நாள்தான் இருக்கு.

14.6.2024, வெள்ளி
சில்லு வில்லைப் பற்றிக் கேட்கத்தான் ஐயரிடம் போனேன். வாய், கமலாவதி அம்பு விடலாமோ என்று கேட்டுவிட்டது.

ஐயர் திருப்பிக் கேட்டார். "வேட்டை உபயம் ஆற்றை பேரிலை?"

"கமலாவதியின்ரை பேரிலை."

"பின்னையென்ன? வருஷாவருஷம் சங்கற்பத்திலை அவவின்ரை பேரும் நட்சத்திரமும்தானே சொல்லுறன். அம்பு விடேக்கை மட்டும்தான் நீங்கள் இடையிலை வந்தனீங்கள்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குப் பாதி வழி வந்த பிறகுதான் சிரிப்பு வந்தது.

கோயில் நிர்வாகசபைத் தலைவர் பஞ்சலிங்கத்துக்கு முகம் சுருங்கிவிட்டதாம். ஐயரை மீறி அவர் கதைக்க மாட்டார்.

கமலாவதியிடம் சொன்னேன். "விசர்க் கதை கதையாதேங்கோ" என்று அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனவள், அரை மணித்தியாலம் கழித்து வந்து, "உண்மையாவோ?" என்றாள்.

15.6.2024
வாகீசனுக்கு வேண்டாமென்று சொன்னேன். "பழசு காணுமோ அண்ணை?" என்றான். "வில்லிலை ஒரு பிழையும் இல்லையடா" என்றேன். சொல்லக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

4.7.2024, வியாழன்
வேட்டைத் திருவிழா. கமலாவதி மஞ்சள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். ஐயர் வில்லைச் சுவாமி பாதத்தில் வைத்து எடுத்து அவளிடம் கொடுத்தார். முதல் அம்பு காய்க்கு மேலால் பறந்துவிட்டது. பின்னால் ஆரோ, "உவவும் இவரைப்போலையோ?" என்றது காதில் விழுந்தது. அப்படியே அவனைத் திரும்பிப் பார்த்தேன். நான் தப்ப விட்ட நாளில்கூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

அடுத்த அம்பை நீட்டினேன். "யோசியாதை" என்றேன். முறைத்தாள். முறைத்த முகத்தோடேயே திரும்பி அம்பை விட்டாள். காயின் நட்டநடுவில்!

மேளம் முழங்க முன்னமே நான் கத்திவிட்டேனாம். தொண்டை கட்டிவிட்டது, நாளைக்கு வகுப்பு எடுக்க முடியாது.

5.7.2024, வெள்ளி
கமலாவதிக்குத் தோள் நோ. எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

"அடுத்த வருஷத்துக்கு உந்த நாணை மாத்தவேணும், தளந்துபோச்சு" என்றாள்.

ஓம் என்றேன்.