ஆட்டு வேகத்துக்கு ஒரு ஜீப்

ஆகஸ்ட் 27, 2024

ஜீப் மறுபடியும் கோவில்பட்டிப் பட்டறையில் படுத்துவிட்டது. மெக்கானிக் கண்ணபிரான் அண்ணாச்சி கிளட்ச் பிளேட்டைக் கழற்றி என் முகத்துக்கு நேரே நீட்டினார். தீய்ந்த அப்பளம் மாதிரி இருந்தது.

"பாதிக் கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே ஓட்டுதீங்க. கருகாம என்ன செய்யும்?"

வாஸ்தவம்தான். ஆனால் நான் ஓட்டுவது பஸ் இல்லையே. முன்னால் என் வீட்டுக்காரர் ஆடுகளைப் பத்திக்கொண்டு நடப்பார். பின்னால் நான் ராத்திரி வயலில் ஆடுகளை அடைக்கிற கிடை வலை, தண்ணீர்க் கேன், நடக்க மாட்டாத பச்சைக் குட்டிகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஆடு என்ன மூணாவது கியரிலா நடக்கும்?

பிளேட்டை மட்டும் மாற்றினால் திரும்பவும் இதே கதைதான், இன்ஜினோடு சுற்றுகிற இரும்புச் சக்கரம் ஃப்ளைவீலையும் சேர்த்து யோசியுங்கள் என்றார் அண்ணாச்சி. போன ஐப்பசியில் கிளட்ச் கருகி நடுக்கரிசலில் நின்றோம். மழை விடவே இல்லை. விறைத்துச் செத்த குட்டிகளைச் சாக்கில் கட்டித் தூக்கி வந்தோம். இந்த மழைக்குள் ஜீப் சரியாகிவிட வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஆகஸ்ட் 30

எங்கள் ஊர் புதூரில் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்களெல்லாம் எனக்குக் கிளட்ச் பாடம் நடத்துகிறார்கள். கொழுந்தன் உக்கிரபாண்டி, "பட்டன் பிளேட்டு போடுங்க மதினி, பிடிச்சா உடும்புப்பிடி" என்கிறான். இவரோ ராப்பகலாக போனில் சேற்றுப் பந்தயம் பார்க்கிறார். ஃப்ளைவீல் லேசாக இருந்தால் இன்ஜின் சட்டென்று சீறுமாம். நானும் எட்டிப் பார்த்தேன். வண்டி பறக்கிறது. ஓட்டுகிறவன் தலையில் ஹெல்மெட். பின்னால் ஒரு குட்டிகூட இல்லை.

செப்டம்பர் 4

பட்டறையில் பேசி முடித்தோம். 'பேசி முடித்தோம்' என்றால் அவர்கள் இருவரும் பேசினார்கள், நான் நின்றேன். அண்ணாச்சி ஒவ்வொன்றையும் இவருக்குத்தான் விளக்குகிறார். பெடலை மிதிக்கப் போகிற கால் என்னுடையது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் நானே வாயைத் திறந்து கேட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். கனமான ஃப்ளைவீல் சுற்ற ஆரம்பித்தால் லேசில் நிற்காது, மெதுவாகப் போனாலும் இன்ஜின் அணையாது, பாதிக் கிளட்ச்சும் மிதிக்க வேண்டாம். பட்டன் பிளேட் வெடுக்கென்று பிடிக்கும், பெடலும் கல்லாக இருக்கும். அப்படியென்றால் பழைய கனத்த ஃப்ளைவீலே இருக்கட்டும், சாதாரண பிளேட் போதும் என்றேன். இவரும் தலையாட்டினார்.

செப்டம்பர் 5

தலையாட்டியதை நம்பலாமா?

செப்டம்பர் 18

நம்பியிருக்கக் கூடாது.

ஜீப் வந்தது. முதல் கியர் போட்டு கிளட்ச்சை விட்டேன் — அணைந்தது. மறுபடி — அணைந்தது. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "உங்ககிட்ட சொல்லலையா? உங்க வீட்டுக்காரர் லிங்கராஜ்தான் ஃப்ளைவீலை லேத்துல குடுத்துக் கடைஞ்சு, கனத்தைக் குறைச்சுக் கொண்டாந்தாரு. உங்களுக்கும் சம்மதம்னுதானே சொன்னாரு."

யாரைக் கேட்டுக் கடைஞ்சாரு? ஓட்டுதது நான்லா? கடைஞ்ச இரும்பு திரும்ப வளருமா? ஆட்டு ரோமமா அது!

செப்டம்பர் 19

கேட்டேன். முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "சுமைன்னா குறைக்கணும்ட்டி மாரி. கிடைக்கு மூங்கில் தட்டிய விட்டு வலைக்கு மாறுனோம்லா, எவ்வளவு சுளுவாச்சு. இரும்புச் சட்டிய விட்டு அலுமினியத்துக்கு மாறுனோம். இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன்."

கிடை போட்டு வயல் வயலாக நடக்கிறவருக்கு எதைப் பார்த்தாலும் தோள்சுமை. ஒரு பொருளின் கனம் நமக்காக உழைக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? புரிகிறது. புரிந்தாலும் ஆத்திரம் அடங்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே.

செப்டம்பர் 21

பேச்சுவார்த்தை இல்லை. சோறு மட்டும்.

அக்டோபர் 6

ஒரு தூற்றல் விழுந்தது. சோதித்துப் பார்க்க வெயிலுமுத்து அண்ணாச்சியின் பருத்திக்காட்டுப் பாதையில் இறக்கினேன். கரிசல் டயரில் அப்பி மட்கார்டு வரை அடைத்துக்கொண்டது. நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற ஃபோர்வீல் லிவரைப் போட்டும் புண்ணியமில்லை. மெதுவாக விட்டால் இன்ஜின் அணைகிறது. மிதித்தால் டயர் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கிறது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னால் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கத்தின.

"நவுரு, நான் பாக்கேன்" என்று இவர் ஏறினார். பந்தயத்தில் பார்த்தபடியே மிதித்தார். அச்சு வரை இறங்கிவிட்டது. டிராக்டர் வந்து இழுத்தது. வேடிக்கை பார்க்க ஊரே வந்துவிட்டது. என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. பெருமழை வந்தால் குட்டிகளை என்ன செய்வேன்?

அக்டோபர் 9

காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனவர் பொழுது சாயத்தான் வந்தார். தூத்துக்குடி பழைய இரும்புக் கடைகளை ஒன்றுவிடாமல் துழாவியிருக்கிறார். பின் சீட்டில் வேட்டியைச் சுற்றிக் கட்டி, கடையாத முழு ஃப்ளைவீல். இறக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிடிக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நானே தைலம் தேய்த்தேன்.

அக்டோபர் 14

கண்ணபிரான் அண்ணாச்சி போன் செய்தார். "எந்த பிளேட்டு போடணும், பெடல் எந்த அளவுக்கு இருக்கணும்? டிரைவரைக் கேட்டுக்கோங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரு."

டிரைவரா! வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

அக்டோபர் 26

விடியும்போதே வானம் கறுத்துவிட்டது. வலையைச் சுருட்டி, குட்டிகளைக் கூண்டில் ஏற்றி, தண்ணீர் நிற்காத செவல் மண் மேட்டுக்குக் கிளம்பினோம். பாதி வழியில் பிடித்துக்கொண்டது மழை. போன வருஷம் நின்ற அதே இடம் வந்ததும் முதல் கியருக்கு மாற்றினேன். கிளட்ச்சை மெல்ல விட்டேன். ஜீப் ஒரு முனகு முனகியது, அணையவில்லை. டயர் சேற்றை வழித்துக்கொண்டு மெதுவாக, ஆடு நடக்கிற வேகத்துக்கே நகர்ந்தது.

முன்னால் போனவர் நிமிஷத்துக்கொரு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தார். ராத்திரி பிறந்த குட்டி அவர் தோளில். அன்றன்று பிறந்த குட்டியை மட்டும் ஜீப்பில் ஏற்ற எப்போதும் சம்மதிக்க மாட்டார். இன்று அவராகவே நின்றார். வண்டி பக்கத்தில் வந்ததும் கூடவே நடந்து, குட்டியை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார்.

"இதையும் ஏத்திக்க. கனம் கூடட்டும்."

மேடு ஏறும்வரை நான் கிளட்ச்சில் கால் வைக்கவே இல்லை. குட்டி மடியிலேயே மூத்திரம் பெய்துவிட்டது. சேலை நாசம்.