பார்க் முடிந்ததும் சொல்வதாக இருந்தது

ஓகஸ்ட் 12, செவ்வாய்

கச்சான் காற்று. மூன்று நாளாக ஓயவில்லை. தரையெல்லாம் மணல். கூட்டக் கூட்ட வருகிறது. விட்டுவிட்டேன்.

நாளைப் பயணத்துக்கு:
– பிள்ளைகளுக்கு நைலோன் உடுப்பு (பருத்தி போட்டால் தண்ணீரில் இறங்க விடமாட்டார்களாம்)
– ஹாதிமுக்கு வாந்தி மாத்திரை
– இஞ்சி பிஸ்கட்
– முசல்லா (தொழுகை விரிப்பு)
– போன் சார்ஜர்
– எப்படிச் சொல்வது என்று யோசிக்க

கடைசி வரியை எழுதிவிட்டு வெட்டினேன். இதை யாரும் பார்க்கப்போவதில்லை. ஏன் வெட்டினேன் என்று தெரியாது.

விசயம் இதுதான். ரிஸ்னாவும் நானும் பிரிகிறோம். விவாகரத்துக்குக் காதியாரிடம் போனோம். ஒரு மாதம் யோசியுங்கள் என்றார். யோசித்தோம். அவளும் மாறவில்லை, நானும் மாறவில்லை. சண்டை கிடையாது. கத்தாரில் இருந்து நான் திரும்பி வந்த நாள் முதல் ஒரே லொட்ஜில் தங்கிய இரண்டு பேர் மாதிரிதான் இருக்கிறோம். சாப்பாடு ரெடி, கரண்ட் பில் வந்திருக்கிறது, கேஸ் முடியப்போகிறது. அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாளாவது கோப்பையைத் தூக்கி எறிந்திருக்கலாம், அவளோ நானோ.

வீடு அவளுடையது, சீதன வீடு. எங்கள் பக்கத்தில் பிரிந்தால் வெளியே போவது ஆண்தான். உடுப்பை எடுத்துக்கொண்டு போவான். உம்மா வீட்டுக்குப் போகலாமே என்று கேட்பார்கள். உம்மா வீடு தங்கச்சிக்குச் சீதனமாகப் போய்விட்டது. அதற்கு மேல்தட்டுப் போட்டது என் கத்தார் உழைப்பு. இந்த வீட்டின் மேல்மாடியும் அப்படித்தான். இரண்டு வீட்டைக் கட்டியிருக்கிறேன், இரண்டிலும் விருந்தாளி. குறை சொல்லவில்லை. ஊர் வழக்கம் அது, எனக்கென்று புதிதாகச் செய்ததல்ல.

நான் வேலை செய்யும் ஹாட்வெயார் கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது. முதலாளி தருகிறார். பீவீசீ குழாய்களை ஒதுக்கினால் ஒரு கட்டில் போடலாம்.

பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது. ஹனாவுக்குப் பதினொன்று, ஹாதிமுக்கு ஆறு. கொழும்புப் பக்கம் இருக்கிற தண்ணீர் பார்க்குக்குக் கூட்டிப்போவதாக நான் கத்தாரில் இருந்தபோதே வாக்குக் கொடுத்தது.

"பார்க் முடிச்சிட்டு வாற வழியில சொல்லுங்க" என்றாள் ரி.

"நானா?"

"போறது நீங்கதானே."

நியாயம்தான்.

ஓகஸ்ட் 13, புதன்

சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பாடு. பளீல் காக்காவின் வேன். எங்கள் தெருதான், உறவு இல்லை, ஆனாலும் எல்லாருக்கும் அண்ணன் முறை, காக்கா. எங்கள் விசயம் அவருக்குத் தெரியாது. அதனால் வேன் முழுக்கச் சந்தோசம்.

சம்மாந்துறை தாண்டும்வரை வெட்டு மிசின்களுக்குப் பின்னால் ஊர்ந்தோம். சிறுபோக அறுவடை. பாதி ரோட்டில் நெல் காய்கிறது. ஒரு மனிசன் நெல்லுக்கு நடுவில் கதிரை போட்டு இருந்து போனில் கதைக்கிறான், வாகனம் எல்லாம் அவனைச் சுற்றிப் போகின்றன. அவனைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

பளீல் காக்கா: "குடும்பம் எண்டா இப்பிடித்தான் இரிக்கணும் தம்பி. வருசத்துல ஒருக்காவாவது வெளிக்கிடணும். இல்லாட்டிப் புருசன் பொஞ்சாதிக்கு முகமே மறந்து பெய்த்திரும்."

ரி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் "ஓம் காக்கா" என்றேன்.

மஹியங்கனை மலை வளைவில் ஹாதிம் வாந்தி. மாத்திரையும் சேர்ந்தே வந்தது. ரி. பையைப் பிடித்தாள், நான் தலையைப் பிடித்தேன். அவள் கை நீட்டுமுன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை, சீட்டில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இந்த வேலையில் எங்களை வெல்ல ஆள் கிடையாது.

பொழுது சாய, மஃரிபுக்கு முன் லொட்ஜ். அறையில் ஒரே ஒரு பெரிய கட்டில். ஹனா முதலில் ஏறி நடுவில் படுத்து, உம்மா அங்கால, வாப்பா இங்கால என்று இடம் காட்டினாள். தம்பியைக் கால்மாட்டில் போட்டாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் நான் தரையில் பாய் விரித்தேன். இடுப்பு நோவுக்குத் தரை நல்லது என்றேன்.

ஓகஸ்ட் 14, வியாழன்

வானம் கறுத்திருந்தது, மழை இல்லை. புழுக்கம்.

பார்க் வாசலில் பையைப் பார்த்தார்கள். வெளிச் சாப்பாடு உள்ளே போகாதாம். ரி. ஊரிலிருந்தே ரொட்டியும் இறைச்சிப் பொரியலும் கட்டி எடுத்து வந்திருந்தாள். அங்கே என்ன இறைச்சி, யார் அறுத்தது என்று தெரியாதாம். திரும்பவும் வேனுக்குக் கொண்டுபோய் வைத்தேன். பளீல் காக்கா, "நான் காவல் இரிக்கன், நீங்க போய் நனைங்க" என்றார். நாங்கள் வருவதற்குள் ரொட்டி குறையும் என்று அப்போதே தெரிந்தது.

அலைக் குளம். கடலுக்கு நடந்துபோகிற தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, நாட்டின் மற்றப் பக்கம் வந்து டிக்கெட் எடுத்து அலை பார்க்கிறோம். எனக்கு முன்னால் நின்ற அக்கா தங்கச்சி இருவரும் எங்கள் கரைதான். கதையிலேயே தெரிந்துவிட்டது.

"என்னகா ராத்தா, நம்மட கடல்ல இத விடப் பெரிய அலை சும்மா கிடக்கு."

"அதுல இறங்க நம்மட உம்மா உட்டாதானே."

ரி. தண்ணீரில் இறங்குவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். கறுப்பு அபாயாவோடு கரையில் நின்று செருப்புகளுக்குக் காவல். ஹாதிம் வந்து கையைப் பிடித்து இழுத்தான். கணுக்கால் வரைக்கும் போனாள். அலை வந்து முழங்கால் வரை நனைத்ததும் சிரித்தாள், சத்தமாக. வடிவாக இருந்தது. பஸ்ஸில் போகிறவன் யாரோ சிரிப்பதைப் பார்ப்பானே, அப்படித்தான் நானும் பார்த்தேன். இறங்கிப் போகவேண்டும் என்று தோன்றவில்லை.

தலைகீழாகச் சுற்றும் ரயிலில் ஹாதிமை ஏற்றவில்லை, உயரம் போதாது. கத்தினான். ஹனாவோடு நான் ஏறினேன். மேலே போகும்போது பயப்படவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். கீழே விழுந்தது, சுற்றியது, நின்றது. இறங்கும் இடத்தில் படம் எடுத்து டீவீயில் போட்டிருந்தார்கள். இருபது பேர் வாயைப் பிளந்துகொண்டு. அடையாள அட்டைப் படத்துக்கு இருந்தது போல நான் ஒருவன் மட்டும்.

"வாப்பா, நீங்க கத்தவே இல்ல."

"பயமில்ல மகள்."

"பயமில்லாட்டியும் கத்தணும். அதுக்குத்தானே ஏறின."

படம் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

பகல் சாப்பாடு வேனுக்குப் பக்கத்தில், பாயில். நினைத்தபடியே ரொட்டி குறைந்திருந்தது. பளீல் காக்கா லுஹர் தொழப் போய்விட்டார். பிள்ளைகள் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ரி. சொன்னாள்: "எனக்கு உங்கள்ல கோவமே வருதில்ல. வந்தாலாவது ஏதாவது மிச்சமிரிக்கி எண்டு நினைக்கலாம்."

"எனக்கும் அப்பிடித்தான்."

"தெரியும்."

பிறகு பொரியலில் கொழுப்புள்ள நெய்த்துண்டாகப் பார்த்து என் ரொட்டியில் வைத்தாள். பதின்மூன்று வருசமாக அப்படித்தான் வைக்கிறாள். கை மறக்கவில்லை. சாப்பிட்டேன், உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது.

ஓகஸ்ட் 15, வெள்ளி

திரும்பும் வழி. வழியில் ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆ. குத்பாப் பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது. மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் முயற்சி, தொழுதபின், தம்பிலி இளநீர்க் கடையில். பிள்ளைகளை ஒரு பக்கம் கூட்டிப்போனேன். "வாப்பா ஒரு கதை சொல்லணும்" என்று தொடங்கினேன். ஹாதிம் வாயிலிருந்து குழாயை எடுக்காமலே கேட்டான்: "அடுத்த வருசமும் வருவமா வாப்பா? அப்ப எனக்கு உயரம் போதும்."

"இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

அவன் துள்ளிக்கொண்டு வேனுக்கு ஓடினான். ரி. தூரத்தில் நின்று என்னைப் பார்த்தாள். கேட்டிருக்கிறது.

இரண்டாவது முயற்சி, சோளம் விற்கும் இடத்தில். பளீல் காக்கா ஆளுக்கொரு அவித்த சோளத்தோடு வந்து நடுவில் நின்றார். "புள்ளையள்ட முகத்தப் பாருங்க தம்பி, என்ன வெளிச்சம்" என்றார். சோளம் சாப்பிட்டோம்.

மூன்றாவது முயற்சி செய்யவில்லை. ஹாதிம் என் மடியில் தூங்கிவிட்டான். அதை ஒரு சாட்டாக வைத்துக்கொண்டேன்.

வீடு வந்து சாமான் இறக்கி முடித்ததும் குசினியில் ரி. பிடித்தாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"அடுத்த வருசத்துக்கும் வாக்குக் குடுத்திட்டு வந்திரிக்கீங்க."

"இன்ஷா அல்லாஹ் எண்டுதானே சொன்னன்."

"புள்ளைக்கு அது ஓம். நமக்குத்தான் அது இல்ல. இல்ல எண்டு சொல்ல வாய் வராத நேரமெல்லாம் அல்லாஹ்ட பேர இழுக்கிற பழக்கம் உங்களுக்கு. கத்தார்ல இருந்தும் அதத்தான் சொன்னீங்க. பெருநாளைக்கு வாறீங்களா எண்டு கேட்டா, இன்ஷா அல்லாஹ். ஹாதிம் பிறக்கக்குள்ள வாறீங்களா எண்டு கேட்டா, இன்ஷா அல்லாஹ்."

சரியாகத்தான் சொல்கிறாள். இவ்வளவு நீளமாக அவள் என்னோடு கதைத்து எவ்வளவு காலம் என்று மட்டும் மனதில் ஓடியது.

ஓகஸ்ட் 16, சனி

காற்று குறைவு. நுளம்புக் கடி கூடுதல்.

சொல்லிவிட்டேன். பின்னேரம், அஸருக்குப் பிறகு, மேல்மாடியில், ரி.யும் பக்கத்தில் இருந்தாள். வாப்பா இனிக் கடைக்கு மேலே இருப்பேன், வெள்ளிக்கிழமைகளில் வருவேன், உங்களில் பிழை ஒன்றும் இல்லை, உம்மாவிலும் இல்லை. மனப்பாடம் பண்ணியதைப் பள்ளிக்கூட மேடையில் சொல்வதுபோலச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. ரி. எழும்பிப் போய் மோட்டரை நிற்பாட்டிவிட்டு வந்தாள்.

ஹாதிம்: "கடைக்கு மேலயா? பெரிய பைப் எல்லாம் இரிக்கே, அவடத்தயா? நானும் வரட்டா?"

வரலாம் என்றேன். பெயிண்ட் கலக்கும் மிசினைத் தொடலாமா என்று கேட்டான். தொடலாம் என்றேன். அவனுக்கு அது போதும், கீழே ஓடிவிட்டான்.

ஹனா உம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி" என்றாள். கடையில் மிச்சக் காசு வாங்கும்போது சொல்கிற சரி. எழுந்து போய்க் கொடியில் காய்ந்த நைலோன் உடுப்புகளை எடுத்து மடித்தாள். அவளுடையது, தம்பியுடையது, என்னுடையது.

எனக்குத் துக்கமா என்று உள்ளே தொட்டுப் பார்த்தேன். பல் பிடுங்க ஊசி போட்டபின் டொக்டர் கன்னத்தில் தட்டிக் கேட்பார், விறைச்சிட்டா என்று. விறைத்துவிட்டது. இனி எதைப் பிடுங்கினாலும் சரி.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

வெயில். காலையிலேயே பளீல் காக்காவின் வேன். இப்போது அவருக்கும் தெரியும். முகம் பார்க்கவில்லை. "சாமான் இவ்வளவுதானா?" என்றார். உடுப்புப் பை இரண்டு, அயன் பெட்டி, மேசை விசிறி. ரி. ஒரு தலையணையைக் கொண்டுவந்து கொடுத்தாள். கடைத் தலையணையில் எனக்குக் கழுத்துப் பிடிக்கும் என்று தெரிந்தவள். "மருந்த ஒழுங்காப் போடுங்க" என்றாள். "ஓம்" என்றேன். ஹாதிம் பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தான். கூப்பிட வேண்டாம் என்றேன்.

விசிறியை ஹனா தூக்கி வந்தாள். பாரம் என்று சொல்லியும் தரவில்லை. சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாப்பா, இந்த வீடு எனக்குத்தானே வரும்?"

"ஓம் மகள். உனக்குக் கலியாணம் முடிக்கக்குள்ள உனக்குத்தான்."

"என்ட பேருக்கு எழுதுவாங்களா?"

"உறுதிப் பத்திரமே உன்ட பேருக்குத்தான்."

"அப்ப யார் இரிக்கிற, யார் போற எண்டு நான்தானே சொல்லணும்?"

"ஓம்."

"அப்ப மேல் ரூம் உங்களுக்கு. மாப்பிள்ளைக்கிட்ட முதல்லயே சொல்லிருவன், ஏலாட்டி வேற பொண்ணப் பாருங்க எண்டு. அது வரைக்கும் கடையில இரிங்க வாப்பா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. வேன் கிளம்பியது.

பஸார் வருவதற்குள் அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சத்தம் போட்டு அழுதேன். கடை வந்தது. பளீல் காக்கா நிறுத்தவில்லை. அப்படியே தாண்டி ஓட்டிக்கொண்டு போனார், சம்மாந்துறை வயல் வரைக்கும்.